பிரிட்ஜ் கேமராவா, பழைய டிஎஸ்எல்ஆரும் 200-500 லென்ஸுமா? பராமரிப்பை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பறவை, விலங்கு, மலை, குளக்கரை என்று வெளியே போய்ப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். நிக்கான் பி950 மாதிரி, கழற்ற முடியாத ஒரே நீள ஜூம் லென்ஸோடு வரும் பிரிட்ஜ் கேமரா போதுமா, இல்லை செகண்ட் ஹேண்டில், லென்ஸை மாற்றி மாற்றி மாட்டக்கூடிய ஒரு டிஎஸ்எல்ஆரும் நீளமான லென்ஸும் தேடிப் பிடிக்க வேண்டுமா? நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். நிக்கான் டி7500 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ். இரண்டும் கை மாறி வந்தவை. வாங்குவதற்கு முன் நண்பரின் பி950ஐ ஒரு பறவை சீசன் முழுக்க இரவல் வாங்கி, பறவைகள் கூடும் தேரூர் குளத்துக்கும் கூந்தன்குளத்துக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். இருப்பது நாகர்கோவிலில். அந்த முடிவில் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பி950 ஒரு கிலோ. என்னுடைய செட் மூன்று கிலோ. பி950 ஒரே லென்ஸில், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில், 24 மி.மீ.யிலிருந்து 2000 மி.மீ. வரை போகும் (எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்). என் லென்ஸ் 500 மி.மீ., பாடியின் சென்சார் சிறியது என்பதற்கான 1.5 மடங்கைச் சேர்த்தால் அதே கணக்கில் 750. மருந்துவாழ் மலையும் வயலும் சேர்ந்தாற்போல் ஒரு நிலக்காட்சி எடுக்க வேண்டுமென்றால் நான் லென்ஸைக் கழற்றி 18-55ஐ மாட்ட வேண்டும், நண்பர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். விலையில் பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் லாபம். சரி, இதுவரை பிரிட்ஜ்தான் முன்னால் நிற்கிறது.

ஆனால் அந்த 2000 மி.மீ.யை எத்தனை நேரம் பயன்படுத்த முடிகிறது என்று பாருங்கள். காலை ஒன்பது, ஒன்பதரை ஆனதும் குளத்து நீர்மேல் காற்று சூடேறி நெளிய ஆரம்பித்துவிடும். தூரத்தில் நிற்கும் கூழைக்கடாவை முழு ஜூமில் பிடித்தால் அலகின் ஓரம் அலையலையாக வரும். எந்த கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது, நடுவில் இருக்கும் காற்றுதான் படத்தைக் கெடுக்கிறது. ஆக அவ்வளவு நீள ஜூம் உதவுவது விடிகாலையில். அந்த நேரத்தில் வெளிச்சம் குறைவு. பி950 முழு ஜூமில் எஃப்/6.5, அதாவது லென்ஸின் துவாரம் சின்னதாகி வெளிச்சம் குறைவாகவே உள்ளே வரும். அதன் சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ., டி7500இன் சென்சார் அதைப் போல 13 மடங்கு. மஞ்சள்மூக்கு நாரையின் வால்பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகளை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்துக்காகக் கூட்டும் உணர்திறன்) 800ஐத் தாண்டியதும் பிரிட்ஜ் படத்தில் இறகின் இழைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் நிறமாகிவிட்டன. டிஎஸ்எல்ஆரில் 1600இலும் இழை தெரிந்தது. கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, அங்கே எனக்கு 500 தாராளம்.

பறக்கும் பறவை என்றால் போட்டியே இல்லை. நத்தைகுத்தி நாரை நிதானமாகச் சிறகடிக்கும், அதை இரண்டிலும் எடுக்கலாம். நீர்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று சட்டென்று பாயும் கரும்புள்ளி மீன்கொத்தியை, மோட்டாரில் மெதுவாக நகரும் ஜூமை வைத்துப் பிடிப்பது கடினம். பிரிட்ஜ் சில படங்களை வேகமாக எடுத்துவிட்டு, அவற்றைச் சேமிக்கும்வரை நம்மைக் காக்க வைக்கிறது. டி7500 வினாடிக்கு 8 படம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் இருந்தாலும் என்னை முடிவெடுக்க வைத்தது படத்தின் தரம் இல்லை, பராமரிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கடல் பக்கத்திலேயே. ஜூன் மாதத்தில் பீரோவுக்குள் தோல் பெல்ட்டே பூத்துவிடும் ஊரில், லென்ஸுக்குள் பூஞ்சை வருவது எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாமல் கிடக்கும் நாட்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் போதும். கேமரா பையில் வைத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டால் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

முதலில் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி இழை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். படத்தில் உடனே ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போதுதான் கறுப்பு கறுப்பாக இல்லாமல் வெளிறும். அந்தக் கட்டத்திலேயே துடைத்துவிட்டால் தப்பிக்கலாம். விட்டுவிட்டால் அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் லென்ஸுக்குப் பூஞ்சை வந்தால் லென்ஸ் மட்டும் சர்வீஸுக்குப் போகும். பாடியில் வேறு லென்ஸை மாட்டி நான் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். பிரிட்ஜில் லென்ஸ், சென்சார், ஜூம் மோட்டார், ஷட்டர் எல்லாம் ஒரே உடம்பு. உள்ளே ஒரு கண்ணாடியைத் துடைக்க மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், திரும்பப் பூட்டும்போது நடுக்கத்தைத் தடுக்கும் கண்ணாடி மயிரிழை விலகினாலும் படத்தின் ஒரு மூலை மங்கலாகிவிடும். அதனால் தெரிந்த சர்வீஸ்காரர்கள் பலர் பிரிட்ஜ் கேமராவைக் கையில் வாங்கவே தயங்குகிறார்கள். வாங்கினாலும் அவர்கள் சொல்லும் கூலியைக் கேட்டால், பழைய கேமராவுக்கு இவ்வளவு செலவு தேவையா என்று தோன்றிவிடும்.

தூசியும் இதே கதைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆடிக்காற்றில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், காற்றாலை சுற்றும் அந்தக் காற்றில் எவ்வளவு புழுதி என்று. பிரிட்ஜில் ஒவ்வொரு ஜூமுக்கும் குழல் நீண்டு சுருங்கும், கூடவே காற்றை இழுக்கும். உள்ளே போன தூசி சென்சாரில் உட்கார்ந்தால் நம் கையால் எடுக்க வழியில்லை. சென்சார் சின்னது என்பதால் ஒரு துகள்கூடப் படத்தில் பெரிய சாம்பல் புள்ளியாக விழும். தெரிந்த ஒருவரின் பழைய பிரிட்ஜில் (வேறு நிறுவனத்தினுடையது) இப்படி ஒரு புள்ளி உண்டு. வானத்தில் வட்டமிடும் பருந்தை எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் அதைக் கணினியில் அழித்தாக வேண்டும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றி, சென்சாருக்கு முன்னால் நிற்கும் மிரரை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் நாலு ஊது ஊதினால் பெரும்பாலும் போய்விடும். லென்ஸ் மாற்றும்போதுதான் தூசி வரும் என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் வந்ததைத் துடைக்க இங்கே ஒரு வாசல் இருக்கிறது. என் 200-500உம் நீண்டு சுருங்கும் ரகம்தான், அதுவும் காற்றை இழுக்கும். ஆனால் லென்ஸுக்குள் இருக்கும் சில துகள்கள் படத்தில் தெரிவதில்லை.

இரண்டுக்கும் பாதுகாப்பு ஒன்றே. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். (அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிவிடாதீர்கள்.) மழைக்காலத்தில் கவனம் தப்பினால் எனக்கு ஒரு லென்ஸோடு போகும், பிரிட்ஜ் வைத்திருப்பவருக்கு மொத்தமும் போகும்.

மறுவிற்பனையும் இதை ஒட்டியே வருகிறது. பாடியின் விலை இறங்கும், டிஎஸ்எல்ஆர் பாடிக்கு, உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு இன்னும் வேகமாக இறங்கிவிட்டது. லென்ஸ் அவ்வளவு இறங்குவதில்லை. நாளைக்கு நான் நிக்கானின் இசட் வகை மிரர்லெஸுக்குப் போனாலும் பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இதே 200-500ஐ ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். பிரிட்ஜில் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மிரர்லெஸ் பற்றி என்னிடம் கேட்டால், கடன் வாங்கி ஓரிரு முறை தொட்டதோடு சரி. அதனால் அதை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பி950ஐயும் நான் பார்த்தது ஒரு சீசன்தான், சொந்தமாக வைத்து நாலைந்து மழைக்காலம் ஓட்டியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

தோள்வலி, மூட்டுவலி உள்ளவர்கள், பேருந்தில் ஏறி இறங்கிப் பயணம் செய்பவர்கள், படத்தைவிடப் பறவையை அடையாளம் காண்பதே முக்கியம் என்பவர்கள் யோசிக்காமல் பிரிட்ஜ் வாங்கலாம். மூன்று கிலோவைக் கையில் தூக்கிப் பிடித்து நிற்பது எல்லோராலும் முடியாது. எனக்கே மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் சரிப்படுவதில்லை, வண்டியிலிருந்து எடுக்கும்போது ஜன்னலில் பயறு நிரப்பிய பை ஒன்று வேண்டும். கூட்டுக்குக் கிட்டே போகாமல் தள்ளி நின்று எடுக்க விடுகிறது என்ற வகையில் அந்த 2000 மி.மீ.க்கு என் மரியாதையும் உண்டு.

என் வழிக்கு வருகிறவர்கள் பழைய 200-500 வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். இந்த லென்ஸின் துவாரம் மின்சாரத்தால் இயங்குவது, டி90 மாதிரி பழைய பாடிகளில் சரியாக வேலை செய்யாது. அப்புறம், இரு பக்க மூடியையும் கழற்றி, அறையை இருட்டாக்கி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தனித்தனித் துகள் இருந்தால் பரவாயில்லை, வாங்கலாம். ஓரத்தில் இழை ஓடியிருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.