தேவிபட்டினம் ரோட்டுப் புற்றுக்காளான்: வேரோடு தருகிறார், தாராளமாக வாங்கலாம்

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் ரோட்டில் ஒரு அக்கா மழைக்காலத்தில் மட்டும் சாக்கு விரித்துப் புற்றுக்காளான் விற்கிறார். போர்டு கிடையாது, ஜிபே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை பெய்து ஓரிரு நாள் கழித்து விடியற்காலையில் போனால் கிடைக்கும், வெயில் ஏறினால் ஆளையும் காணோம் காளானையும் காணோம். எடை எல்லாம் போட மாட்டார், கூறு கணக்குதான்.

கடலோரத்து மணலில் ஏது காளான் என்று கேட்பவர்களுக்கு: இது கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்மாய்க் கரையிலும் பனங்காட்டிலும் உள்ள கறையான் புற்றுகளில் வருவது. கறையான் தன் தீனிக்காக மண்ணுக்குள் வளர்க்கும் பூஞ்சைதான் ஈரம் இறங்கியதும் குடை விரிக்கிறது, அதனால் பண்ணைக் காளான் மாதிரி வருஷம் முழுக்க எதிர்பார்க்காதீர்கள்.

இவரிடம் எனக்குப் பிடித்ததே வேரை வெட்டாமல் தருவதுதான். குடையின் நடுவில் கூரான முனை, தண்டுக்குக் கீழே புற்றுக்குள் இறங்கிய நீளமான வேர், அதில் ஒட்டிய மண், எல்லாம் அப்படியே இருக்கும். "வேர் இல்லாம யாரு குடுத்தாலும் வாங்காதீங்க தம்பி" என்று அவரே சொல்கிறார். வேறு சில இடங்களில் பார்க்க வெள்ளையாக இருக்கட்டும் என்று வேரை நறுக்கிக் கழுவி வைக்கிறார்கள், அப்புறம் அது புற்றில் முளைத்ததா புல்லில் முளைத்ததா என்று எதை வைத்துச் சொல்வது? மழைக்குப் பிறகு புல்தரையில் பெரிதாக, வெள்ளையாக, தண்டில் வளையத்தோடு ஒன்று வரும். முதிர்ந்தால் குடையின் அடிமடிப்பு பச்சையாகும். அதைத் தின்றால் வாந்தியும் பேதியும்தான். வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் சுத்தப் பேத்தல், நம்பாதீர்கள். வேர் இருந்தாலும் பழக்கப்பட்ட கண் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குறை என்றால் பாலிதீன் பைதான். அதில் கட்டினால் வீடு போவதற்குள் வேர்த்து நசநசவென்று ஆகிவிடுகிறது. ஓலைக் கொட்டான் கொண்டு போங்கள், அல்லது செய்தித்தாள். நன்றாக விரிந்தவற்றில் சில சமயம் புழு இருக்கும், மொட்டாகப் பொறுக்கிக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்.

நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய் போதும். நம்ம ஊர் குண்டு மிளகாய் மேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் இதில் போட்டால் காளான் வாசம் செத்துவிடும்.

விலை மலிவில்லை, பேரமும் நடக்காது. ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன், அரை பாலிதீனுக்காகக் கழித்தது. தை பிறந்தால் அவர் வரமாட்டார், அப்போது டவுனில் பால் காளான் வாங்கிக்கொள்ளுங்கள், நம் வெயிலைத் தாங்குவது அதுதான்.