'புதுப்பித்த ப்ளூ-ரே' என்று நம்பி வாங்கிய 'டெத் விஷ்'

மைக்கேல் வின்னர் இயக்கத்தில் சார்லஸ் பிரான்சன் நடித்து 1974இல் வெளியான 'டெத் விஷ்' படத்தின் ப்ளூ-ரே வட்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் அண்மையில் வாங்கி ஏமாந்தேன். பழைய குற்றப் படங்களை வட்டாகச் சேர்த்து வைப்பவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் 'புதுப்பிக்கப்பட்ட பிரதி, முழு நீளம், 1080 வரித் தெளிவு' என்று இருந்தது. 2018இல் புரூஸ் வில்லிஸ் நடித்து இதே பெயரில் வந்த மறுஆக்கத்தை அனுப்பிவிடுவார்களோ என்பது மட்டுமே என் கவலை. பொட்டலத்தைப் பிரித்தபோது உறையில் பிரான்சன்தான் இருந்தார் என்பதால் நிம்மதியாகப் படத்தைப் போட்டேன்.

மனைவியைப் பறிகொடுத்த கட்டடக் கலைஞர் பால் கெர்சி, துப்பாக்கியோடு நியூயார்க்கின் இரவுத் தெருக்களில் இறங்குகிற படம் இது. பாதிக் கதை இருட்டில்தான் நடக்கிறது. அந்த இருட்டு, என் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து அசைந்துகொண்டிருந்தது. பூங்காவில் அவர் முதன்முதலாகச் சுடும் காட்சியில், மரம் எது, மனிதன் எது என்று பிரித்தறிய முடியவில்லை. பிரான்சனின் கனத்த குரலும் சற்றே மெலிந்து கீச்சென்று கேட்டது.

படத்தின் நீளம் 93 நிமிடம். இதுவோ 89 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அது என் அவசரம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் மறுபடி பார்த்தபோது எந்தக் காட்சியும் விடுபட்டிருக்கவில்லை. சிகாகோ ரயில் நிலையத்தில் கெர்சி விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிச் சிரிக்கும் கடைசிக் காட்சிவரை எல்லாமே இருந்தன. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படத்தை, பிஏஎல் (இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை) முறை டிவிடிகளில் 25ஆக முடுக்கி ஓட்டுவது வழக்கம். அதனால் ஓட்டம் ஏறத்தாழ நான்கு விழுக்காடு குறையும், குரலின் சுருதியும் ஏறும். ஆக, 576 வரிகளே கொண்ட ஏதோ ஒரு பழைய டிவிடியை இழுத்துப் பெரிதாக்கி, ப்ளூ-ரே என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள்.

வட்டை அதன் பிறகுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈர விரல் பட்டதும் மேற்புறப் படத்தின் சிவப்பு மை கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஆலையில் தயாரான வட்டில் அப்படி நேராது. இது வீட்டு அச்சுப்பொறியின் வேலை. கணினியில் போட்டுப் பார்த்தால், 25 ஜிபி கொள்ளளவில் ஐந்து ஜிபிகூட நிரம்பியிருக்கவில்லை. கீழ்ப்புறத்தின் உள்வளையத்தில் வெற்று வட்டு தயாரித்தவரின் எண் மட்டும் இருந்ததே தவிர, படத்துக்குரிய அடையாளம் எதுவும் இல்லை. வாங்கும் முன்பே அந்த உள்வளையத்தின் புகைப்படத்தைக் கேட்டிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

விற்பனையாளரின் முதல் பதில், என் பிளேயரில் கோளாறு என்பது. இரண்டாவது பதில், உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது என்பது. பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பணம் செலுத்திய நிறுவனத்திடம் மை படிந்த விரலின் படத்தையும் வட்டின் படத்தையும் இணைத்துப் புகார் கொடுத்த பிறகே தொகை திரும்பி வந்தது.

அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. 'பிரித்த வட்டுகள் திரும்பப் பெறப்படமாட்டா' என்ற ஒரு வரி மட்டும் புதிதாக ஏறியிருக்கிறது.