ஆட்டோ சுப்ராவுக்கு எந்த மேனுவல் கியர் பாக்ஸ்? வி160, ஆர்154, சிடி009, மேக்னம்

டொயோட்டா 1993 முதல் 2002 வரை தயாரித்த ஜேஇசட்ஏ80 சுப்ராவின் டர்போ மாடல்களில் கணிசமானவை ஏ340ஈ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குடன் வந்தவை. 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினுக்கு ஒரு பெரிய சிங்கிள் டர்போ போட்டு 500, 600 குதிரைத்திறன் எடுப்பது இன்று பெரிய விஷயமில்லை. அதன் பிறகுதான் கியர் பாக்ஸ் பற்றிய கவலை ஆரம்பிக்கிறது. மேனுவலுக்கு மாற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பவர் தாங்கும்?" என்பதைத்தான். அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி விட்டுப்போகிறது: பின்னால் டிஃபரன்ஷியலில் இருக்கும் கிரவுன்-பினியன் விகிதத்துக்கு, அதாவது ஃபைனல் டிரைவுக்கு, இந்த கியர் பாக்ஸ் ஒத்துவருமா?

அமெரிக்காவில் விற்ற கார்களில் டர்போ ஆட்டோவின் ஃபைனல் டிரைவ் 3.769. ஆறு கியர் டர்போ மேனுவலில் அது 3.133. ஜப்பான் கார்களில் ஆண்டையும் மாடலையும் பொறுத்து மாறும். அதனால் விற்றவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டையும் ஒன்றாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) ஏறக்குறைய முப்பத்தெட்டு சுற்று சுற்றினால் 3.769. முப்பத்தொன்றரைக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 3.133. ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியலில் கணக்கு பாதியாகிவிடும்.

தலைப்பில் உள்ள நான்கு மேனுவல் கியர் பாக்ஸ்களுக்கும் 255/40 ஆர்17 டயர் வைத்துக் கணக்கிட்டால் வருவது இது (மொத்த விகிதம் என்பது கியர் விகிதத்தை ஃபைனல் டிரைவால் பெருக்கியது):

| கியர் பாக்ஸும் ஃபைனல் டிரைவும் | முதல் கியர் மொத்த விகிதம் | டாப் கியர் மொத்த விகிதம் | 100 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம் |
|---|---|---|---|
| வி160 + 3.133 | 11.99 | 2.48 | 2,070 |
| ஆர்154 + 3.769 | 12.25 | 2.84 | 2,370 |
| சிடி009 + 3.769 | 14.30 | 2.99 | 2,500 |
| சிடி009 + 3.133 | 11.89 | 2.49 | 2,080 |
| மேக்னம் (முதல் கியர் 2.66) + 3.769 | 10.03 | 2.37 | 1,980 |

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். சிடி009-ஐ ஆட்டோ காரின் 3.769-உடன் அப்படியே மாட்டினால் முதல் கியர் 6,800 ஆர்பிஎம்மில் 57 கிலோமீட்டர் வேகத்திலேயே முடிந்துவிடும். 600 குதிரைத்திறன் காரில் அந்த கியரால் டயர் புகைவதைத் தவிர வேறு பயன் கிடையாது. அதே கியர் பாக்ஸை 3.133-உடன் போட்டால் கிட்டத்தட்ட வி160 போட்ட தொழிற்சாலைக் கார்தான். "சிடி009 கியர் ரொம்பச் சின்னது" என்று குறை சொல்பவர்களில் பலர் டிஃபரன்ஷியலை மாற்றாதவர்கள்.

வி160 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்ராக் இந்தக் காருக்காகவே செய்தது, ஆறு கியர், ஆயிரம் குதிரைத்திறன் கார்களிலும் தாக்குப்பிடித்திருக்கிறது. எதையும் வெட்டாமல் மாட்டலாம், ஷிஃப்டர் சரியான இடத்தில் வரும், கார் மறுவிற்பனையில் மதிப்பு பெறும். சிக்கல் விலையிலும் உதிரிபாகத்திலும்தான். சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) தேய்ந்த பழைய கியர் பாக்ஸ் ஒன்றைப் பெரிய தொகை கொடுத்து வாங்கி, அதற்குமேல் ஓவர்ஹாலுக்கும் அலைய வேண்டி வரலாம். எண்ணெய் சுமார் 1.8 லிட்டர்தான், அதுவும் டொயோட்டாவின் தனி வி160 எண்ணெய். சாதாரண 75டபிள்யூ-90 ஊற்றினால் குளிரில் கியர் இறுகும், சின்க்ரோ ஒழுங்காகப் பிடிக்காது. இதன் டூயல்-மாஸ் ஃபிளைவீலை எடுத்துவிட்டு லேசான சிங்கிள்-மாஸ் போட்டால் நியூட்ரலில் கடகடவென்று சத்தம் வரும். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டதோ என்று பயந்து அதைப் பிரிக்க வேண்டாம். காரை ஒரிஜினலாக வைத்திருக்கவோ பின்னால் விற்கவோ நினைப்பவருக்கு மட்டுமே வி160 அந்தப் பணத்துக்குத் தகும்.

ஆர்154 ஐசின் செய்த ஐந்து கியர். முந்தைய தலைமுறை சுப்ராக்களான எம்ஏ70 டர்போ, ஜேஇசட்ஏ70, அவற்றோடு சேஸர், சோரர் என்று பல டொயோட்டாக்களில் வந்தது. இதன் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு இணையும் முன் உறை) தனியாகக் கழலும். ஆனால் எம்ஏ70-இன் 7எம் இன்ஜினுக்கான பெல் ஹவுசிங் ஜேஇசட் பிளாக்கில் பொருந்தாது. எம்ஏ70-யிலிருந்து எடுத்ததை வாங்கினால் ஜேஇசட் பெல் ஹவுசிங் தனியாக வாங்க வேண்டும். கிளட்ச் புஷ் வகையா புல் வகையா என்பதையும் பார்த்துக்கொண்டு, ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் மூன்றையும் ஒரே செட்டாக எடுங்கள்.

இதற்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, முதல் கியருக்குப் பின்னால் உள்ள திரஸ்ட் வாஷர். அதிக ஆர்பிஎம்மில் கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளப்பினால் உடையும், உடைந்த துண்டு கியருக்குள் போகும். மற்றொன்று, ஷாஃப்ட் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் பிளேட். பாரம் ஏறும்போது அது வளைகிறது, ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறது, கியர் தானாகத் துள்ளி வெளியே வருகிறது. கடினமான எஃகு வாஷரும் தடித்த பில்லட் பிளேட்டும் எளிதாகக் கிடைக்கின்றன. கியர் பாக்ஸைப் பிரித்தால்தான் மாற்ற முடியும் என்பதால், காரில் ஏற்றும் முன்பே செய்துவிடுவது புத்திசாலித்தனம். எண்ணெய் சுமார் 3 லிட்டர், 75டபிள்யூ-90. பித்தளை சின்க்ரோவுக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதியிருப்பதாகப் பாருங்கள்.

விகிதக் கணக்கில் ஆர்154 ஆட்டோ காரின் 3.769-க்கு இயல்பாகவே பொருந்துகிறது, டிஃபரன்ஷியலைத் தொடவே வேண்டாம். ஆனால் கியர்களுக்கு இடையே இடைவெளி அதிகம். 6,800-இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் ஆர்பிஎம் 4,560-க்கு இறங்கும். வி160-இல் அது 4,860. டர்போ 4,700-இல்தான் விழிக்கிறது என்றால் அந்த முந்நூறு ஆர்பிஎம்மை ஒவ்வொரு ஷிஃப்டிலும் உணர்வீர்கள். சரிசெய்த ஆர்154-ஐ நம்பி 450, அதிகபட்சம் 500 குதிரைத்திறன் வரை போகலாம். அதற்குமேல் ஸ்லிக் டயரோடு டிராக்கில் இறங்குவது சரியல்ல. நான்-டர்போ சுப்ராவின் டபிள்யூ58 இன்னும் மலிவாகக் கிடைக்கும். டர்போ டார்க்குக்கு அது வேண்டாம்.

சிடி009 நிசானுடையது, 350இசட் காரின் ஆறு கியர். இதே குடும்பத்தில் முதலில் வந்தவற்றில் சின்க்ரோ தகராறு இருந்தது. சிடி009 அதற்குத் திருத்தமாக வந்தது. வெளியில் எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால், பார்ட் எண்ணுக்கு ஆதாரம் கேட்காமல் பழைய கியர் பாக்ஸ் வாங்காதீர்கள். 2007 முதல் வந்த 350இசட்டிலும் 370இசட்டிலும் ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்) பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்.

இதன் பெல் ஹவுசிங் முன்பக்க உறையோடு ஒரே வார்ப்பு. பெரும்பாலான கிட்கள் அதை வெட்டி நீக்கி, ஜேஇசட் பக்கத்துக்கு அடாப்டர் பிளேட் வைக்கச் சொல்கின்றன. இங்கேதான் வேலை கெடுகிறது. கையில் கிரைண்டரை வைத்து வெட்டினால் முகம் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக அமையாது. மில்லிங் மெஷினில் சமப்படுத்துங்கள். வெட்டும் முன் இன்புட் ஷாஃப்ட் சீல் பகுதியையும் பிரீதரையும் இறுக மூடுங்கள். ஒரு பிசிறு அலுமினியம் உள்ளே போனாலும் பேரிங் போய்விடும். பல கிட்கள் ஃபோர்க்கை நீக்கி ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் தருகின்றன. அதில் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட் விரல்களுக்கும் இடையே கிட் சொல்லும் இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரியாகக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் கிளட்ச் பிளேட் தேயத் தேய வழுக்க ஆரம்பிக்கும், கூடினால் கிளட்ச் முழுதாக விடாமல் ரிவர்ஸ் கரகரக்கும். ஷிஃப்டர் பின்னால் தள்ளி வருவதால் இடமாற்று கிட் தேவை. புரொப்பல்லர் ஷாஃப்ட் அளவெடுத்துச் செய்ய வேண்டும். கியர் பாக்ஸில் வேக சென்சார் கிடையாது என்பதால் டிஃபரன்ஷியல் பக்கமோ புரொப்பல்லர் ஷாஃப்டிலோ ஒரு சென்சார் வைத்துத்தான் ஸ்பீடோமீட்டரை ஓட்ட முடியும். இவ்வளவு வேலை இருந்தும், 500 முதல் 700 குதிரைத்திறன் வரை தினமும் ஓட்டும் காருக்கு 3.133-உடன் சிடி009 வைப்பதே என் தேர்வு.

டிரெமெக் டி56 மேக்னம் அமெரிக்க வி8 உலகத்திலிருந்து வந்தது. 700 பவுண்ட்-அடி, அதாவது 949 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். புதிதாகவே வாங்கலாம், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். இதற்கு 2.66, 2.97 என இரண்டு முதல் கியர் விருப்பங்கள். சுப்ராவுக்கு 2.66 எடுங்கள். 2.97-இல் ஆறாவது கியர் 0.50, நூறு கிலோமீட்டரில் இன்ஜின் 1,570 ஆர்பிஎம்மில் தூங்கும், பெரிய டர்போவோடு அந்த கியர் வீண். 3.133-உடன் மேக்னம் போடவே கூடாது, முதல் கியர் 8.33 ஆகி ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் வேகும். எண்ணெய் டெக்ஸ்ரான்-3 ஏடிஎஃப், கியர் ஆயில் ஊற்றக் கூடாது. கனமான, பருமனான கியர் பாக்ஸ் என்பதால் டன்னலில் எங்கே தட்டும் என்பதை கிட் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 800-க்கு மேல் குறி வைப்பவர் நேராக இதற்கே வருவது லாபம்.

எதை எடுத்தாலும் சில வேலைகள் பொது. ஆட்டோ இன்ஜினின் கிராங்கில் பைலட் பேரிங் இருக்காது, புதிதாக வைக்க வேண்டும். மறந்தால் இன்புட் ஷாஃப்ட் ஆடி, முன் பேரிங் சீக்கிரமே போகும். ஃபிளெக்ஸ்பிளேட் (ஆட்டோவில் ஃபிளைவீலுக்குப் பதிலாக உள்ள தகடு) போல்ட்டுகளை ஃபிளைவீலுக்குப் பயன்படுத்தாதீர்கள், நீளம் வேறு. ஆட்டோவின் ஆயில் கூலர் குழாய்களை ரேடியேட்டரில் அடைத்துவிடுங்கள். நியூட்ரல் ஸ்டார்ட் வயரை இணைக்காவிட்டால் ஸ்டார்ட்டரே சுற்றாது. ரிவர்ஸ் விளக்கு வயரையும் அப்போதே முடித்துவிடலாம்.

அடாப்டர் பிளேட் உள்ள கிட் என்றால் கிளட்ச் ஏற்றும் முன் டயல் கேஜ் வைத்து அளக்காமல் விடாதீர்கள். கேஜின் காந்த அடியை ஃபிளைவீலில் ஒட்டி, முனையை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசியின் மொத்த அசைவு 0.127 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஆஃப்செட் டவல் பின் (மையம் விலகிய பொருத்து முளை) போட்டு, பாதி அசைவு அளவுக்கு நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்வது நிற்காது. இந்த அளவு தப்பினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிளக்கும், உயர் ஆர்பிஎம்மில் கியர் மாறாது, பழி கியர் பாக்ஸின் மேல் விழும்.