கார்ப்பெட் போட்ட விண்கப்பலைக் கூட்டுவது யார்?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோதுதான் அம்மா முதன்முறையாக என்னோடு உட்கார்ந்து ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பார்த்தார். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் அடுக்குமாடியில் ஏழாவது மாடி, காற்றாடிச் சத்தம், திரையில் கேப்டன் பிக்கார்ட் என்டர்பிரைஸ் கப்பலின் நடைபாதையில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று எபிசோட் வாய் திறக்காமல் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஏம்பா, கப்பல் பூரா கார்ப்பெட் போட்டு வெச்சிருக்கானே, வெக்கூம் போடுறது யாரு?”

அம்மா பதினோரு வருடம் நகரத்து அலுவலகக் கோபுரம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தவர். அதற்கு முன் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கார்ப்பெட்டில் எவ்வளவு தூசி அடையும் என்று தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்தாலும் அம்மாவின் கேள்விதான் முதலில் வருகிறது. அதனால் இங்கே ஸ்டார் டிரெக், தி எக்ஸ்பேன்ஸ், பிளாக் மிரர் மூன்றையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்: அந்த எதிர்காலத்தில் வேலை செய்வது யார், செய்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

ஸ்டார் டிரெக்கின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1966 செப்டம்பர் 8இல் அமெரிக்காவின் என்பிசியில் தொடங்கி, 79 எபிசோடோடு 1969இல் நிறுத்தப்பட்ட தொடர். கறுப்பினத்தவர் சம உரிமைக்காகத் தெருவில் இறங்கி அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே ஜீன் ரோடன்பெரி கப்பலின் தொடர்பு அதிகாரியாக உஹூரா என்ற கறுப்பினப் பெண்ணை உட்கார வைத்தார். விலகிப் போக நினைத்த நடிகை நிஷெல் நிக்கல்ஸைப் போகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். இதை நிக்கல்ஸே பல முறை சொல்லியிருக்கிறார். பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போது இரண்டாம் சீசனில் செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞரையும் அதே கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். ஜப்பானியப் பூர்விகம் கொண்ட சூலு கப்பலை ஓட்டுகிறார். இது சின்ன விஷயம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

தொழில்நுட்பம் என்று வந்தால் ஸ்டார் டிரெக்கின் மையம் ரெப்ளிகேட்டர்தான். 1987இல் வந்த அந்த இரண்டாம் தலைமுறைத் தொடரில் பிக்கார்ட் சுவரைப் பார்த்து டீ கேட்பார், கோப்பையோடு டீ வந்து நிற்கும். சோறு, துணி, மருந்து எல்லாம் இப்படிக் கிடைத்தால் காசு தேவையில்லை, காசு தேவையில்லை என்றால் பேராசையும் போய்விடும், மனிதன் தன்னை மேம்படுத்திக்கொள்ள மட்டும் வேலை செய்வான் என்பது அந்தத் தொடரின் நம்பிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் அதை நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த இயந்திரம் யாருடையது என்ற பேச்சே எழுவதில்லை. உலகம் முழுக்கக் கார்கள் ஓடியது எங்கள் தாத்தா பாட்டி வெட்டிய பாலில் செய்த டயர்களின் மேல்தான். பொருள் ஏராளமாகப் பெருகியது, பெருகியதில் வெட்டினவருக்கு வந்தது எவ்வளவு என்று தோட்டத்தில் பிறந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1994இல் அதே தொடரில் ‘லோவர் டெக்ஸ்’ என்று ஓர் எபிசோட் வந்தது, கீழ்நிலை அதிகாரிகளைப் பற்றி. அதில் கப்பலின் உணவு விடுதியில் பரிமாறும் பென் என்ற இளைஞன் வருகிறான். காசே இல்லாத உலகத்தில் ஒருவன் எதற்காகத் தட்டு ஏந்தி நிற்கிறான்? அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரி, பரிமாறப் பிடிக்கலாம், கழிவறை கழுவ யாருக்குப் பிடிக்கும்? அதற்கு ஸ்டார் டிரெக் நேராகப் பதில் சொன்னது 2020 ஆகஸ்டில், அதே பெயரில் வந்த கார்ட்டூன் தொடரில். அங்கேதான் இளநிலை அதிகாரிகள், கற்பனை உலகங்களை நிஜம்போல உருவாக்கிக் காட்டும் அறையான ஹோலோடெக்கின் வடிகட்டிகளை மூக்கைப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்கிறார்கள். 54 வருடம் ஆகியிருக்கிறது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “ம்ம், இப்பவாவது காட்டுறானே” என்றார்.

இரண்டு எபிசோடுகளுக்காக மட்டும் ஸ்டார் டிரெக்கை என்னால் விட முடியாது. ஒன்று 1989இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’. டேட்டா என்ற இயந்திர மனிதன் படையின் சொத்தா, தனக்கென்று உரிமை உள்ளவனா என்று விசாரணை நடக்கிறது. இடையில் வூப்பி கோல்ட்பர்க் நடித்த கைனன் மிக மெதுவாக ஒரு விஷயத்தைச் சொல்வார். யாரும் செய்ய விரும்பாத அழுக்கு வேலைகளைச் செய்ய ஒரு கூட்டத்தை உருவாக்குவது எல்லா உலகத்திலும் நடந்ததுதான், அவர்கள் நலனைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்பார். பிக்கார்டின் முகம் மாறும். அடிமைத்தனத்தைத்தான் சொல்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் உறைக்கும். ஏழு கடல் தாண்டிக் கப்பலில் ஏற்றி வந்து தோட்டத்தில் இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை நான், அந்தக் காட்சியில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்னொன்று 1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த ‘பார் அசோசியேஷன்’. மதுக்கடையில் வேலை பார்க்கும் ராம் தொழிற்சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்கிறான், உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்றே படிக்கிறான். ஆனால் கவனியுங்கள், அது வேற்றுக்கிரகத்து முதலாளியின் கடை. மனிதர்களுக்குள் அப்படி ஒரு சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டதாம். எப்படித் தீர்ந்தது என்று மட்டும் தொடர் நமக்குக் காட்டவே இல்லை.

அப்புறம் தி எக்ஸ்பேன்ஸ். இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது. 2015 டிசம்பரில் சைஃபை சேனலில் தொடங்கி, 2018இல் அவர்கள் கைவிட்டதும் அமேசான் எடுத்துக்கொண்டு, 2022 ஜனவரியில் ஆறாவது சீசனோடு முடிந்தது. பூமி ஐக்கிய நாடுகள் சபையின் கையில், செவ்வாய் தனிக் குடியரசு, இரண்டுக்கும் வெளியே சிறுகோள்களிலும் நிலாக்களிலும் தோண்டியும் சுமந்தும் வாழும் பெல்ட்டர்கள். இதில் அம்மாவின் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை, கதை தொடங்குவதே அங்கேதான். கான்டர்பரி என்ற பழைய கப்பல் சனிக்கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றி, சிறுகோள் பட்டையில் உள்ள சீரிஸுக்குக் கொண்டுவருகிறது. சீரிஸில் ஒரு காலத்தில் பனி நிறைய இருந்தது, பூமியும் செவ்வாயும் சுரண்டி எடுத்துப் போய்விட்டன என்று ஒருவர் சந்தியில் நின்று கத்துகிறார். முதல் எபிசோடிலேயே காற்று வடிகட்டியை மாற்றாமல் காசு மிச்சம் பிடிக்கும் ஒருவனையும், அதனால் இருமும் ஒரு சிறுமியையும் காட்டிவிடுகிறார்கள்.

இதை நாங்கள் பார்க்கத் தொடங்கிய நேரமும் அப்படி. 2020 செப்டம்பர், ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு ஆலைகளை மூடி, கோலாலம்பூர், சிலாங்கூரின் பெரும்பகுதியில் குழாயில் தண்ணீர் நின்றுபோன வாரம். தண்ணீர் லோரி வரும் வரை கீழே வாளிகளை வரிசையில் வைத்துக் காத்திருந்து, ஏழு மாடி தூக்கி வந்தோம். அரிசி களைந்த தண்ணீரை அம்மா எடுத்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றினார், காய் கழுவினது செடிக்கு. அன்று இரவு திரையில் சீரிஸின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசும்போது அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

தொழில்நுட்பத்தை எக்ஸ்பேன்ஸ் நடத்தும் விதமும் எனக்கு அதிகம் பிடிக்கிறது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் உடம்பில் ஒரு விலை உண்டு. கப்பலின் தளங்கள் அடுக்குமாடி போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், எஞ்சின் தள்ளும் விசைதான் அங்கே எடை. எஞ்சின் நின்றால் எல்லாம் மிதக்கும், வேகம் கூடினால் ஊசி மருந்து ஏற்றிக்கொள்ளாமல் உடம்பு தாங்காது. எடை குறைந்த இடத்தில் பிறந்து வளர்ந்த பெல்ட்டரின் எலும்பு நீண்டு பலவீனமாக இருக்கும். அப்படி ஒருவரைப் பூமிக்குக் கொண்டுவந்து கொக்கியில் தொங்கவிட்டு, வெறும் புவியீர்ப்பாலேயே சித்திரவதை செய்கிறார்கள். அவசரலா என்ற நம்மூர்ச் சேலைக்காரப் பெரிய அதிகாரிதான் அதற்கு உத்தரவு போடுகிறவர். ஈரானில் பிறந்த ஷோரே அக்தஷ்லூ நடித்தது. ஓர் இந்தியப் பெண்ணை உலக அதிகாரத்தின் உச்சியில் வைத்துவிட்டு, அவர் கையிலும் அழுக்கு இருக்கிறது என்று காட்டுவது எனக்கு மரியாதையாகவே படுகிறது. 1967இல் ஸ்டார் டிரெக் காட்டிய முக்கியமான இந்தியர் கான் என்ற கொடுங்கோலன், நடித்தவர் மெக்சிகோவில் பிறந்தவர்.

மொழியைச் சொல்லாமல் போக முடியாது. பெல்ட்டர்கள் பேசுவது பல மொழிகள் கலந்து ஊறிப்போன ஒரு பேச்சு, நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்காக உருவாக்கியது. ‘பெல்டலோடா’ என்றால் நாம் பெல்ட்டர்கள். விண்வெளி உடுப்புக்குள் தலையாட்டினால் வெளியே தெரியாது, அதனால் ஆமாம் இல்லை எல்லாம் கையால் சொல்வார்கள், உடுப்பு இல்லாதபோதும் கை அப்படியே போகும். வேலை மொழியை எப்படிச் செதுக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய தொடரை நான் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்துத் தமிழை நினைத்துப் பாருங்கள்: ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல் கெத்தா நமக்குக் கித்தா ஆனது, கிராமத்தைக் குறிக்கும் கம்போங் கம்பம் ஆனது, விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பரேட் பெரட்டு ஆனது. தோட்டம் போய்ப் பல வருடமாகியும் யாராவது விடியற்காலையில் எழுப்பினால் அம்மா “என்ன, பெரட்டுக்கா போகணும்?” என்பார்.

இந்த இடத்தில் ‘ஃபயர்ஃப்ளை’யைப் பற்றி ஒரு வார்த்தை. 2002இல் வந்து 14 எபிசோடோடு முடிந்துபோன தொடர். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து கட்டிய எதிர்காலம், எல்லாரும் கோபம் வந்தால் மாண்டரினில் திட்டுகிறார்கள், ஆனால் கப்பலில் ஒரு சீனர்கூட இல்லை. கோலாலம்பூரில் வளர்ந்த எவருக்கும் இது இடிக்கும். அதே காரணத்தால்தான் 2017இல் ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’யில் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ கேப்டனாக வந்து, தன் இயல்பான மலேசிய உச்சரிப்பிலேயே உத்தரவு போட்டபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டாவது எபிசோடிலேயே அந்தக் கேப்டனைக் கொன்றுவிட்டார்கள், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பிளாக் மிரரை நான் மூன்றாவதாக வைப்பேன், அதன் கணிப்புகள் மற்ற இரண்டையும்விட நமக்குப் பக்கத்தில் இருந்தாலும். சார்லி ப்ரூக்கரின் தொடர், 2011 டிசம்பரில் பிரிட்டனின் சேனல் ஃபோரில் தொடங்கி, 2016இலிருந்து நெட்ஃபிளிக்ஸில். ‘ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்’ எபிசோடில் நாள் முழுக்க சைக்கிள் மிதித்துப் புள்ளி சேர்க்கிறார்கள், பல் விளக்கப் பசை பிதுக்கினாலும் புள்ளி கழியும். உடம்பு பெருத்து மிதிக்க முடியாதவர்களுக்கு மஞ்சள் சட்டை, அவர்கள் மற்றவர்கள் போடும் குப்பையைக் கூட்ட வேண்டும். துப்புரவாளரை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதற்கு நன்றி. ‘நோஸ்டைவ்’ எபிசோடில் ஒருவரை ஒருவர் சந்தித்தவுடன் நட்சத்திரம் போடுகிறார்கள். என் சித்தி மகன் மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மழையில் மேம்பாலத்துக்கு அடியில் பத்திருபது பேரோடு ஒதுங்கி நின்று, தாமதமானதால் ஒரு நட்சத்திரம் குறைந்துவிட்டது, இனி நல்ல ஆர்டர் வராது என்று எனக்குக் குரல்பதிவு அனுப்புவான். அவனுக்கு அந்த எபிசோடைப் போட்டுக் காட்டத் தேவையில்லை. 2025இல் வந்த ‘காமன் பீப்பிள்’ இன்னும் கொடுமை: மனைவியின் மூளை சந்தா கட்டி ஓடுகிறது, சந்தா போதவில்லையென்றால் பேச்சுக்கு நடுவே அவள் வாயிலிருந்தே விளம்பரம் வருகிறது.

இவ்வளவு துல்லியமாக இருந்தும் ஏன் மூன்றாவது? நான் பார்த்த வரை பிளாக் மிரரில் மனிதர் தனித்தனியாகவே மாட்டிக்கொள்கிறார். சைக்கிள் மிதிப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி, எல்லாருமாக ஒரு நாள் மிதிப்பதை நிறுத்துவதே இல்லை. ஒருவன் கோபத்தில் கத்துகிறான், அந்தக் கோபத்தையும் நிகழ்ச்சியாக்கி விற்றுவிடுகிறார்கள். மேம்பாலத்துக்கு அடியில் நிற்கும் அந்தப் பத்திருபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், யார் வண்டி பழுதானாலும் ஆளுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போடுகிறார்கள். அந்தக் குழுவுக்குப் பிளாக் மிரரில் இடமில்லை. எக்ஸ்பேன்ஸில் இருக்கிறது.

எக்ஸ்பேன்ஸ் பெல்ட்டர்களைப் புனிதர்களாகவும் ஆக்கவில்லை, அதனால்தான் என் பட்டியலில் அது முதலில். ஐந்தாவது சீசனில் மார்கோ இனாரோஸ் என்ற பெல்ட்டர் பாறைகளைப் பூமிமேல் ஏவிப் பல லட்சம் பேரைக் கொல்கிறான், தன் இனத்தின் பேரால். அவனுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு, அவன் செய்தது மன்னிக்க முடியாதது, இரண்டையும் தொடர் மறைக்கவில்லை. அவனை எதிர்க்கிறவர்களில் முக்கியமானவர் ட்ரம்மர், அவரும் பெல்ட்டர். அடிபட்டவன் இன்னொருவனை அடிப்பது நமக்கும் தெரியாததா? அம்மா ஓய்வுபெற்றதும் கோபுரத்தில் அவர் இடத்துக்கு வந்தவர் ஓர் இந்தோனேசியப் பெண். அவருடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்) ஒப்பந்தக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை அதிகம் விரட்டியது, அம்மாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்த நம்மாள் மேற்பார்வையாளர்தான். ட்ரம்மர் மார்கோவுக்கு எதிராகத் திரும்பும் காட்சியில் அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த மேற்பார்வையாளரின் பெயரைச் சொன்னார். அன்று இரவே அந்த இந்தோனேசியப் பெண்ணுக்குப் போன் போட்டு, கடப்பிதழ் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். இன்னும் இல்லையாம்.