பொன்னி புத்தகமும் பாளையங்கோட்டை அச்சுக்கடையும்

கடையின் பெயரைப் போடவில்லை. முதல் தடவை நடந்த கோளாறையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் போடுவது நியாயமில்லை. பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் அடித்துக் கொடுக்கிற கடைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நீங்களே ஒரு புத்தகம் எழுதி, ஒரே ஒரு காப்பி அச்சடிக்கப் போனால், எந்த ஊர்க் கடையிலும் இதில் பாதியாவது உங்களுக்கும் நடக்கும்.

நான் மின்வாரியத்தில் வயர்மேன். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. 19-ம் தேதி என் மகள் பொன்னிக்கு ஐந்தாவது பிறந்தநாள். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாய்ந்த கம்பங்களோடு கிடந்தேன். வீடு வந்து சேர ஆறு நாள் ஆனது. "கரண்டும் இல்ல, நீயும் இல்ல, எங்கப்பா போயிருந்த?" என்று அதற்கப்புறம் ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது பிறந்தநாளுக்கு, பிள்ளை பெயரைப் போட்டுக் கதைப் புத்தகம் அனுப்புகிற ஓர் இணையதளத்தில் 1,450 ரூபாய் கட்டினேன். தோல் நிறம், தலைமுடி, கண்ணாடி உண்டா இல்லையா எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். இரட்டைச் சடையை மடித்துக் கட்டி ரிப்பன் வைத்த தலை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. கதையில் பனி கொட்டியது. பொன்னி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "பேரு மட்டும்தான் என்னுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சேவைக்கு இதைவிடச் சுருக்கமாக என்னால் விமர்சனம் எழுத முடியாது.

ஏழாவதுக்கு நானே எழுதினேன். ஓர் அணில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஏறுகிறது, தெரு இருட்டாகிறது, பொன்னி அப்பாவோடு கிளம்புகிறாள். முதலில் எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை பார்க்கிற லைன் கிளியர் அனுமதி வாங்குகிறார்கள், ஏ.பி. சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டிக்கிறார்கள், லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டுகிறார்கள், அப்புறம்தான் ஏணி. கதை இந்த இடத்தில் இழுக்கிறது என்று மனைவி சொன்னாள். இழுக்கட்டும். லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏற கதையில்கூட எனக்குக் கால் வராது. அணில் விஷயத்தில்தான் விட்டுக்கொடுத்தேன். 11 கே.வி. லைனில் மாட்டிய அணில் பிழைத்து நான் பார்த்ததில்லை. "இதுலயாவது பிழைக்கட்டும்" என்றாள் மனைவி. பிழைத்தது.

கம்பம், இன்சுலேட்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் நான் வரைந்தேன். ஆட்களையும் அணிலையும் மனைவி வரைந்தாள், கோலம் போட்டுப் பழகிய கை. பொன்னி தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து முடிக்க ஒரு மாதம் ஆனது. வரையவே வராது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சிறுவர் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு நம் கதைக்கு எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. இரட்டைச் சடைப் பிள்ளைகள் அங்கே நிறையவே இருக்கிறார்கள்.

சரி, கடைக்கு வருவோம். முதலில் சிவகாசியில் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன், சிரித்துவிட்டார். ஆப்செட்டில் கலருக்கு நாலு பிளேட் போட வேண்டும், ஒரு காப்பிக்கும் அதே பிளேட்தான், ஆயிரத்துக்கும் அதே பிளேட்தான். ஒன்றிரண்டு காப்பி என்றால் டிஜிட்டல் கடைதான் கதி. பாளையங்கோட்டைக் கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஒரு காப்பியா அண்ணாச்சி? பிள்ளைக்கா? கொண்டாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

எட்டங்குலச் சதுரத்தில் வேண்டும் என்றேன். "சதுரம் வேண்டாம், தாள் வீணாப் போவும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். டிஜிட்டல் மெஷினில் ஓடுகிற தாள் 12-க்கு 18 அங்குலம். ஏ5 அளவு என்றால் ஒரு தாளில் எட்டுப் பக்கம் அடங்கிவிடும், சதுரத்தில் நாலுதான். பொன்னிக்கு விரித்து மடியில் வைத்துப் பார்க்கப் பெரிதாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். 24 பக்கத்துக்கு ஆறு தாள், தாளுக்கு 60 ரூபாய், ஆக 360. அட்டை 40, மேட் லேமினேஷன் 20, பின் அடித்து வெட்டிக் கொடுக்க 50. மொத்தம் 470 ரூபாய். வெட்டி எடுத்த நீளத் துண்டுகளைக் கடைக்காரரே கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

தாளின் கனம் 170 ஜி.எஸ்.எம். கேளுங்கள், 130 போட்டால் பின்பக்கத்துப் படம் தெரிகிறது. பளபளப்புத் தாளும் வேண்டாம், டியூப்லைட் அடியில் வாசிக்கும்போது கண்ணில் அடிக்கிறது. படங்களைப் போனில் எடுத்து அனுப்பாமல் கடையிலேயே ஸ்கேன் பண்ணச் சொன்னேன், அது நல்ல முடிவு. ஒரே குறை, திரையில் பளிச்சென்று இருந்த வயல் பச்சை தாளில் வாடிப்போனது. அது எந்தக் கடையிலும் அப்படித்தானாம்.

இனி கோளாறு. எழுத்தை வீட்டில் லிப்ரே ஆபிஸில் தட்டி, பலூ தம்பி எழுத்துருவில் அமைத்திருந்தேன். இலவசம், குண்டுகுண்டாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாசிக்கத் தோது. அதை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தேன். கடையில் டிசைன் போடுகிற தங்கச்சி, பக்கங்களை மாற்றி அடுக்குவதற்காக அதைக் கோரல் என்கிற டிசைன் மென்பொருளில் திறந்தாள். நடுப் பின் அடிக்கிற புத்தகத்தில் 24-ம் பக்கமும் 1-ம் பக்கமும் ஒரே தாளில் வர வேண்டும், அதற்கான அடுக்கு அது. சாம்பிளுக்கு ஒரு தாள் அடித்துக் காட்டினாள். டிரான்ஸ்பார்மரில் கம்பி மாட்டுகிற பீங்கான் புஷ்ஷிங் மூன்றும் சரியாக விழுந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். என் மகள் பெயரைப் பார்க்கவில்லை. ஓகே சொல்லிவிட்டேன்.

புத்தகம் வீட்டுக்கு வந்தது. மனைவி கையில் வாங்கிப் பத்து விநாடி ஆகியிருக்காது. "இது யாரு, ப தனியா நிக்கு?"

புத்தகம் முழுக்கப் பொன்னியின் 'பொ' உடைந்திருந்தது. ப முன்னால் தனியாகப் போய்விட, ஒற்றைக்கொம்பும் காலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. எண்ணிப் பார்த்தேன், 31 இடம். கொம்பு, கோடு, போனான் எல்லாவற்றுக்கும் அதே கதி.

மறுநாள் கடைக்குப் போனால், "உங்க ஃபைலே அப்படித்தான்" என்றார்கள். என் போனில் அதே பி.டி.எஃப்.-ஐத் திறந்து காட்டினேன், எழுத்து சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் ஏறத்தான் செய்தது. அப்புறம் உட்கார்ந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. இப்போது எல்லாரும் தட்டுகிற யூனிகோடு எழுத்து முறையில் ஒகரக் குறி ப-வுக்குப் பின்னால் ஒரே குறியாகத்தான் பதிவாகிறது. அதைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் பாடு. அந்தக் கடையில் இருந்த பழைய கோரலுக்கு அந்த வேலை தெரியவில்லை, வந்த வரிசையில் கொட்டிவிட்டது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். இந்தக் கடையில் இன்னும் பாமினி, வானவில் என்கிற பழைய எழுத்துருக்கள்தான். நோட்டீஸ் வேலைக்கு அதுவே போதும் என்பதால் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

தீர்வு என்னவோ சின்னதுதான். கோரலில் பி.டி.எஃப். திறக்கும்போது, எழுத்தை எழுத்தாக எடுக்கவா, கர்வ்ஸ் ஆக எடுக்கவா என்று கேட்கும். கர்வ்ஸ் என்றால் எழுத்தும் படம் மாதிரி ஆகிவிடும், உடையாது. "கர்வ்ஸ்ல எடுங்க" என்று மூன்று சொல் கூட இல்லை, முதல் நாளே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கடைக்காரர் மறு அச்சுக்குப் பாதிப் பணம் மட்டும் வாங்கினார், 235 ரூபாய். சாம்பிளில் நானும் பார்க்கத் தவறியதால் அது சரி என்றே பட்டது.

இரண்டாவது தடவை எழுத்து ஒழுங்காக வந்தது. ஆனால் வெட்டும்போது 7-ம் பக்கத்து அணிலின் வால் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், ஓரத்தை ஒட்டி வரைய விட்டிருக்கக் கூடாது. அரை அங்குலம் உள்ளே தள்ளியே எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். 7-ம் பக்கத் தாளில்தான் 8, 17, 18-ம் இருக்கின்றன, பின்னைப் பிரித்து மறுபடி வெட்டினால் அந்தத் தாள் மற்றவற்றைவிடக் குட்டையாகலாம் என்றார். விட்டுவிட்டேன். அட்டை மடிப்பில் முன்கூட்டியே கோடு அழுத்துகிற க்ரீஸிங் போடச் சொல்லவும் மறந்தேன், ஒரே வாரத்தில் முதுகில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.

பிறந்தநாள் அன்று பொன்னி புத்தகத்தை வாசிக்கவில்லை, விசாரித்தாள். ஹெல்மெட் மஞ்சளா வெள்ளையா, ஏணியைப் பிடித்திருப்பது யார், தம்பி ஏன் ஒன்பது பக்கத்தில் வருகிறான். 7-ம் பக்கத்தில் நின்றுவிட்டாள். "அணில் வாலு கரண்ட்ல போயிருச்சா?" மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். தொழில்படி பார்த்தால் அணிலுக்கு அது மிகக் குறைந்த சேதம்தான்.

கடைக்காரர் கட்டிக் கொடுத்த தாள் துண்டுகளில் இப்போது அவள் கம்பம் கம்பமாக வரைந்து தள்ளுகிறாள். நீளத் தாள், லைன் இழுக்க வசதி.

மகனுக்கு மூன்று வயது, தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். அந்த வயதுக்குப் பின் அடித்தது ஆகாது, நகத்தால் பிடுங்கிவிடுவான். தாள்களை முதுகோடு முதுகு ஒட்டி, கெட்டி அட்டையாகவே செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், ஓரங்களையும் உருட்டி வெட்ட வேண்டும். மறுபடியும் அதே கடைக்குத்தான் போகிறேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் அங்கே ஷட்டர் இறங்கிவிடும். ஆடிக் கொடை சீசனில் போனால் நோட்டீஸ் கட்டுகளுக்கு அடியில் நம் புத்தகம் போய்ச் சேரும். அவனுக்குப் புரட்டாசியில் பிறந்தநாள். ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.