வீடு பார்க்கப் போனேன், என்னைப் பார்த்துட்டாங்க: 1,15,000 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம் புரோக்கர் கடைசியா போனை எடுத்தார். "தம்பி, வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்"னார். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியல. ஆத்திரம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். வாக்கியம் கோணலா இருந்தா பொறுத்துக்கோங்க.

மேடவாக்கம் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், கட்டி 12 வருஷம் ஆனது, விலை 62 லட்சம். வீடு விக்கிற ஆப் ஒண்ணுல போட்டோ பார்த்துக் கூப்பிட்டேன். சாவியைக் காட்டுறதுக்கு முன்னாடியே கேள்வி ஆரம்பமாயிடுச்சு. லோனா, கைக்காசா? கையில எவ்வளவு இருக்கு? சம்பளம் அக்கவுண்ட்ல வருதா? முடிவு நீங்க எடுப்பீங்களா, ஊர்லேர்ந்து அப்பா வந்து பார்க்கணுமா? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? எத்தனை மாசத்துல ரெஜிஸ்டர் பண்ணுவீங்க?

இதுல பாதிக் கேள்வி நியாயமானதுதான், அதையும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா வீடு பார்க்க வர்றவங்களை ஏத்திட்டு அலைஞ்சா அவங்களுக்கு பெட்ரோல் காசுகூட தேறாது. அதனாலதான் முதல்ல சலிச்சு எடுக்கறாங்க. என் ஆளும் சலிச்சார். எதுக்காக சலிச்சார்ங்கறதுதான் எனக்குப் புரியல.

அவர்கிட்ட ரப்பர் பேண்ட் போட்ட பழைய டைரி ஒண்ணு இருந்தது. டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து என் பேரை எழுதினார். பக்கத்துல சிவப்பு மையில 'ஏ'ன்னு போட்டு வட்டம் போட்டார். "ஏ பார்ட்டின்னா நம்ம ஆளு தம்பி. பி, சி-க்கெல்லாம் நான் சாவியே வாங்க மாட்டேன்." சொல்லிட்டே யாருக்கோ போன் போட்டு, என் எதிரிலேயே, "பார்ட்டி ஜெனியூன் சார், நான் செக் பண்ணிட்டேன்"னார். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு மனசு குளுந்து போச்சு. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கின மாதிரி. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட, "நம்மள செலக்ட் பண்ணிட்டாங்க"ன்னு சொன்னேன். காசு குடுக்கறது நாம, செலக்ட் பண்றது அவங்களாம்!

அன்னிக்கு ராத்திரியே அவர் கேட்டதையெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பான், ஆதார், மூணு மாச சம்பளச் சீட்டு, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், 9 லட்சத்துக்கான எஃப்.டி. ரசீது. "எலிஜிபிலிட்டி பார்க்கத்தான் தம்பி. உங்களுக்கு 90 பர்சென்ட் லோன் கண் மூடிட்டு வரும்."

வராது. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் ஹோம் லோன்னா மதிப்புல 80 பர்சென்ட்டுக்கு மேல பேங்க் தரக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. பத்திரச் செலவும் அந்தக் கணக்குல சேராது. இது எனக்குத் தெரியாது. தினமும் இதே வேலையா இருக்கற அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் கையில 9 லட்சம்தான் இருக்குன்னு ஸ்டேட்மென்ட்ட வெச்சிருந்த மனுஷன்!

மறுநாள், "இன்னொரு பார்ட்டி நாளைக்கு டோக்கன் போடறாங்க"ன்னார். டோக்கன், அதாவது வீட்டைப் பிடிச்சு வைக்கற முன்பணம், 1,00,000. லீகல் பார்க்கவும் ஃபைல் போடவும் 15,000. ஓனர் அக்கவுண்ட் கேட்டேன். "ஓனர் கோயம்புத்தூர்ல இருக்கார், வயசானவர், ஆபீஸ் அக்கவுண்ட்ல போடுங்க"ன்னார். ஆபீஸ் அக்கவுண்ட்னு வந்தது ஒரு பெண் பேர்ல இருந்த சேவிங்ஸ் அக்கவுண்ட். பேரைப் பார்த்தேன். பார்த்துட்டும் போட்டேன்.

பேங்க் வேல்யூவர் வந்து வீட்டுக்கு 55 லட்சம்தான் போட்டார். அதுல 80 பர்சென்ட், 44 லட்சம். மிச்சம் 18 லட்சம் நான் புரட்டணும், பத்திரச் செலவு தனி. முடியாதுன்னு சொன்ன அன்னிக்கே 'தம்பி' போய் 'சார்' வந்துடுச்சு. "ரசீதைப் படிங்க சார்." படிச்சேன். காரணம் எதுவானாலும் வாங்குபவர் விலகினால் டோக்கன் திருப்பித் தரப்படாது. கீழே என் கையெழுத்து.

அப்புறம் அலைச்சல். பார்ட்னரைக் கேளுங்கன்னார். பார்ட்னர், ஓனரைக் கேளுங்கன்னார். அசோசியேஷன்ல நம்பர் வாங்கி ஓனர்கிட்ட பேசினா, "டோக்கனா? எனக்கு ஒத்த ரூபா வரல தம்பி. உங்க பேரையே இப்பதான் கேள்விப்படறேன்." ஆப் கஸ்டமர் கேர், "நாங்க விளம்பரம் மட்டும்தான் சார்." ரெராவுக்கு, அதான் ரியல் எஸ்டேட்டைக் கண்காணிக்கற அரசு அமைப்புக்கு, போவேன்னு மிரட்டினேன். புரோக்கர் சிரிச்சுட்டே, "இது ரீசேல் சார், அங்க எடுக்க மாட்டாங்க"ன்னார். விசாரிச்சா, 2016 சட்டத்துல ஏஜென்ட் பதிவே ரெராவுல பதிவான புராஜெக்ட்டை விக்கறவங்களுக்குத்தானாம். பழைய ஃபிளாட்டுக்கு அந்தப் பிடி இல்ல. ஸ்டேஷன்ல, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, சிவில் மேட்டர், வக்கீலைப் பாருங்க." 1,15,000 ரூபாய், எங்க வீட்டுல ஒன்றரை மாசச் சம்பளம். ஒருத்தருக்கும் அது தன் மேட்டரா தெரியல.

இதுக்கு மேல ஒரு கூத்து. புரோக்கர் வழியா போன என் பேப்பரை லோன் ஏஜென்ட் நாலு இடத்துல போட்டிருக்கான். நான் பேசினது ஒரு பேங்க்கிட்டதான். நம்ம கடன் கணக்கைக் காட்டற சிபில் ரிப்போர்ட்ல, லோன் கேட்டதா நாலு என்கொயரி வரிசையா நிக்குது. 771 இருந்த ஸ்கோர் இப்போ 738.

முந்தாநாள் பொண்டாட்டி அவ நம்பர்லேர்ந்து அதே ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டா. "இருக்கு மேடம், ஆனா ஜெனியூன் பார்ட்டிக்குத்தான் காட்டுவோம். கையில எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் ஆரம்பிச்சேன், கை நடுங்குது. அவசரத்துக்கு இது மட்டும். பட்ஜெட் சொல்லுங்க, ஸ்டேட்மென்ட் அனுப்பாதீங்க. நீங்களே பேங்க் போய் எவ்வளவு லோன் வரும்னு லெட்டர் வாங்கி அதை மட்டும் காட்டுங்க. ஓனர்கிட்ட பேசாம, வில்லங்கச் சான்று எடுத்து அவர் பேரைப் பார்க்காம, அவர் அக்கவுண்ட்டைத் தவிர வேற எங்கேயும் டோக்கன் போடாதீங்க. லோன் வரலைன்னா டோக்கன் முழுசா வாபஸ்னு ரசீதுல எழுதி வாங்குங்க. சிபில் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், எடுத்துப் பாருங்க.

நுகர்வோர் கோர்ட்ல இந்த மாதிரி டோக்கனைத் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. 1,15,000 ரூபாய். வக்கீல் நோட்டீஸுக்கு இன்னும் எவ்வளவு ஆகும்னு நாளைக்கு விசாரிக்கணும்.