'ச்சி3 தின்6' தேடிப் பார்த்தால் தெரியும்: வேர்ட்ஸ்.எச்கே அகராதி

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸைப் படிப்பவர்களுக்கு இணையத்தில் உள்ள அகராதிகளில் வேர்ட்ஸ்.எச்கே தனி ரகம். ஹாங்காங் தன்னார்வலர்கள் எழுதுவது, இலவசம். சொல்லுக்கு விளக்கம் காண்டனீஸிலேயே இருக்கும். கூடவே ஆங்கிலப் பொருளும், யூட்பிங் (காண்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) உச்சரிப்போடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் வரும். அசைக்குப் பின் வரும் எண்கள் சுரத்தை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பவை; சுரங்கள் மொத்தம் ஆறு.

ச்சி3 தின்6 என்றால் தொலைபேசியில் அழைப்பது. ஆங்கிலப் பொருளோடு நிறுத்திக்கொண்டால் நண்பரிடமும் இதையே சொல்லிவிடுவீர்கள்; வங்கி அறிவிப்பு கேட்டதுபோல் இருக்கும். பேச்சில் தா2 தின்6 வா2தான். நம் 'போன் போடு'வுக்கும் பலகையில் எழுதும் 'தொடர்புகொள்ளவும்' என்பதற்கும் உள்ள அதே இடைவெளி. எழுத்து நடைச் சொற்களுக்கு அகராதியில் 'ஷூ1 மின்6 யூ5' என்ற குறி உண்டு. பொருளைப் படிக்கும் முன் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சொற்கள் கோக்கப்படும் விதமும் வேறு. பேச்சில் ஆளுக்கு முன் 'பெய்2' வேண்டும்: தா2 தின்6 வா2 பெய்2 நெய்5, அதாவது உனக்கு போன் பண்ணுவது. ச்சி3 தின்6 ஆளையோ அலுவலகத்தையோ நேராகவே எடுத்துக்கொள்ளும்: ச்சி3 தின்6 நெய்5. இங்கே பெய்2 செருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. பின்னால் மறுபடி தின்6 வா2 சேர்ப்பவர்களும் உண்டு. 'தின்6' ஏற்கெனவே தொலைபேசியைச் சொல்லிவிட்டதால் அது 'நடுசென்டர்' ஆகிவிடும். 'பண்ணியாச்சு' என்பதற்குப் பேச்சு வினையைப் பிளந்து தா2 ச்சோ2 தின்6 வா2 என்பார்கள். ச்சி3 தின்6 அப்படிப் பிளக்காது. லோய்4 தின்6 எதிர்த்திசை: நமக்கு வரும் அழைப்பு.

குறை இங்கேதான். இந்த விதிகளை அகராதி வரிசையாகச் சொல்லித் தராது. எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டு நாமே பிடிக்க வேண்டும். அதனால் ஒரே பொருளுள்ள பேச்சுச் சொல்லையும் எழுத்துச் சொல்லையும் அருகருகே திறந்து, வினைக்குப் பின் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். பலர் எழுதுவதால் பதிவுகளின் தரமும் ஒரே சீராக இல்லை. ஒரே ஒரு வாக்கியம் உள்ள பதிவை நம்பி விதி வகுக்க வேண்டாம்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. யூட்பிங்கில் 'd' என்று எழுதுவது 'தண்ணீர்' என்பதன் முதல் த. ஆங்கில 'd' அல்ல. தின்6 தாழ்ந்து, சமமாக நிற்க வேண்டும். வாக்கிய முடிவில் குரலைச் சரித்தால் அது நான்காம் சுரமாகிவிடும்.